இரும்புக் கடைக்குப் போட வேண்டாம்: பழைய போட் மோட்டார் பற்றி வாசகர்கள் கேட்டவை

கிரியான் ஆற்றில் இறால் பிடிக்க ஓட்டிய, படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்ட் மோட்டார்கள் நம் தோட்டத்து வீடுகளில் இன்னும் நிறைய கிடக்கின்றன, அவற்றை எறிந்துவிடாதீர்கள் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு நிபோங் திபால் வட்டாரத்திலிருந்து மட்டுமல்ல, தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். இந்த மாதம் முழுக்க மோட்டார்தான்.

*

கேள்வி: அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையானால் சம்பானை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். அவர் காலமான பிறகு அவருடைய ஜான்சன் மோட்டார் லயத்து வீட்டுப் பின்கட்டில் சாக்கு போட்டு மூடியபடியே கிடக்கிறது. இப்போது லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர் கிலோ கணக்கில் விலை பேசுகிறார். கயிற்றை இழுத்துப் பார்த்தோம், அசையவே இல்லை. தம்பி விற்றுவிடலாம் என்கிறான், எனக்கு மனம் வரவில்லை. இதை மறுபடி ஓட வைக்க முடியுமா ஐயா?
வாசகி, சுங்கை பாக்காப்

பதில்: விற்காதீர்கள் அம்மா. இரும்புக்காரர் கொடுக்கும் காசு ஒரு வாரச் சந்தைச் செலவுக்குக்கூடக் காணாது. அந்த மோட்டாரோ, உள்ளே தண்ணீர் புகாமல் இருந்திருந்தால், பெரும்பாலும் ஓடும் நிலைமையில்தான் இருக்கும். அசையவில்லை என்பதை வைத்து அது செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

முதல் வேலை, கயிற்றை இழுப்பதை நிறுத்துங்கள். வீட்டில் பலசாலிப் பையன்கள் யாராவது "நான் பார்க்கிறேன்" என்று வந்தால் கிட்டவே விடாதீர்கள். இறுகிக் கிடக்கும் மோட்டாரைப் பலம் போட்டு இழுத்துத்தான் கயிற்றை அறுக்கிறார்கள், பிஸ்டன் ரிங்கை உடைக்கிறார்கள்.

அப்புறம், எது இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று இடம் இருக்கிறது. மேலே கயிறு சுற்றும் ஸ்டார்ட்டர், நடுவில் இஞ்சின், கீழே கியர் பெட்டி. ஸ்டார்ட்டரை மட்டும் முதலில் கழற்றி எடுங்கள், அப்படியே முழுசாக. அதற்குள் சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கைப் பிரிக்கவே வேண்டாம், அது சீறிக்கொண்டு வந்தால் கண் போய்விடும். ஸ்டார்ட்டரை எடுத்த பிறகு அதற்கு அடியில் தெரியும் ஃபிளைவீல் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் கோளாறு ஸ்டார்ட்டரில்தான், கொண்டாடலாம். திரும்பவில்லையென்றால் கியர் பெட்டியை இஞ்சினிலிருந்து பிரித்து இறக்கிவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். கியரும் தண்ணீர் பம்ப்பும் கீழே இருப்பதால், அங்கே ஏதாவது துருப்பிடித்திருந்தாலும் மேலே இஞ்சின் இறுகின மாதிரிதான் தெரியும். இதைப் பார்க்காமல் நேராக இஞ்சினைப் பிரிக்க ஆரம்பிப்பது வீண் வேலை.

இரண்டையும் விலக்கிய பிறகும் திரும்பவில்லையென்றால், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கிறது. பிளக் இரண்டையும் கழற்றுங்கள். அவுட்போர்ட் மோட்டாரில் சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருக்கும், ஆகையால் நிமிர்த்தி வைத்தபடி எண்ணெய் ஊற்றினால் ஒரு பக்கமாக வழிந்து போய்விடும். மோட்டாரை அதன் கைப்பிடிப் பக்கம் தரையைப் பார்க்கும்படி சாக்கின் மேல் படுக்க வைத்தால் பிளக் ஓட்டைகள் மேலே பார்க்கும். அப்போது ஊற்றும் எண்ணெய் பிஸ்டன் தலையில் நின்று ஊறும். துரு நீக்கும் எண்ணெய் எதுவானாலும் சரி. ஆட்டோ கியருக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது நன்றாகவே வேலை செய்கிறது. அசிட்டோன் பட்டென்று தீப்பிடிக்கும், சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். தினம் ஒரு தடவை கொஞ்சம் சேர்த்து ஊற்றுங்கள், ஒரு வாரம் இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும். அப்புறம் ஃபிளைவீல் நட்டில் ஸ்பானர் போட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில், மெதுவாக அழுத்திப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் போதும். அங்கேயே நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டு, மறுநாள் பாருங்கள். பிளக் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பிஸ்டன் அலுமினியம், ஓட்டை விழுந்துவிடும்.

சுற்ற ஆரம்பித்ததும், பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும், இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவில். மோட்டார் சைக்கிள் பட்டறையில் கம்ப்ரஷன் மீட்டர் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டுக்கும் நூற்றுக்குப் பத்து பதினைந்துக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால், அம்மா, உங்கள் அப்பாவின் மோட்டார் பிழைத்துவிட்டது. மிச்சமெல்லாம் காசும் பொறுமையும்தான்.

இன்னொன்று. படகில் பொருத்தும் பிராக்கெட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். மாடல் எண் அதில்தான். தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எண் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 1980-லிருந்து வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் வருடத்தை எழுத்தில் மறைத்து வைத்திருப்பார்கள். 'இன்ட்ரொடியூசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் பத்து எழுத்து, முதல் எழுத்து 1, ஒன்பதாவது எழுத்து 9, கடைசி எழுத்து 0. மாடல் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தின இரண்டு எழுத்தை இப்படி எண்ணாக மாற்றினால் வருடம் வந்துவிடும். அதற்கு முந்திய மோட்டார் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, மாடல் எண்ணை வைத்துப் பட்டியலில் தேட வேண்டும்.

*

கேள்வி: எங்கள் பெரியப்பாவின் மோட்டாருக்குப் பெட்ரோல் டேங்கிலிருந்து இரட்டைக் குழாய் போகிறது. அந்தப் பழைய டேங்க் ஓட்டை. புது டேங்க் வாங்கி மாட்டினால் பெட்ரோல் ஏறவில்லை. ஏன்?
வாசகர், பாரிட் புந்தார்

பதில்: அது 1950-களின் மோட்டாராக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட்டில் பெட்ரோல் பம்ப் கிடையாது. ஒரு குழாய் வழியாக இஞ்சின் டேங்குக்குள் காற்றை அழுத்தும், அந்த அழுத்தத்தில் இன்னொரு குழாய் வழியாகப் பெட்ரோல் மேலே வரும். இப்போது விற்கும் டேங்க் எல்லாம் ஒற்றைக் குழாய், இஞ்சினில் பம்ப் இருந்தால்தான் பயன்படும்.

பழைய டேங்கின் கேஸ்கெட்டை மாற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். அழுத்தத்தில் நிற்கிற பெட்ரோல், அதுவும் 60 வயதுக்கு மேலான தகரத்தில், நீங்கள் உட்காரும் இடத்துக்கு ஓரடி தள்ளி! இஞ்சினில் சின்னதாக ஒரு பெட்ரோல் பம்ப்பைப் பொருத்தி ஒற்றைக் குழாய்க்கு மாற்றுவது தெரிந்த வேலைதான், இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்வார். மாற்றும்போது பழைய காற்றுக் குழாய்க்கான வழியைச் சரியாக அடைக்கச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டால் இஞ்சின் சீராக ஓடாது.

*

கேள்வி: பெட்ரோலில் டூ-டி எண்ணெய் (இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான எண்ணெய்) எவ்வளவு கலக்க வேண்டும்? மெக்கானிக் 50-க்கு 1 போதும் என்கிறார். மாமா 24-க்கு 1 என்று சண்டை பிடிக்கிறார். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய டூ-டி மிச்சம் இருக்கிறது, அதையே ஊற்றலாமா?
வாசகர், நிபோங் திபால்

பதில்: மோட்டாரைப் பொறுத்து இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், அதனால்தான் சண்டை தீரவில்லை. 1960-களின் நடுப்பகுதிக்கு முந்திய ஜான்சன், எவின்ரூட் பலவற்றில் உள்ளே பித்தளை புஷ் போட்டிருப்பார்கள், அதற்கு எண்ணெய் அதிகம் வேண்டும், 24-க்கு 1. அதற்குப் பிறகு ஊசி பேரிங் வந்ததும் 50-க்கு 1 ஆனது. பிரிட்டிஷ் சீகல் பழைய மோட்டார்களுக்கு 10-க்கு 1 கூட உண்டு. மூடியிலோ டேங்கிலோ ஒட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். எழுத்து அழிந்துபோய் வயதும் தெரியவில்லையென்றால் மாமா சொல்கிறபடியே செய்யுங்கள். எண்ணெய் கூடினால் புகை வரும், பிளக் கறுக்கும், கழற்றித் துடைத்தால் சரி. எண்ணெய் குறைந்தால் இஞ்சினே போய்விடும்.

10 லிட்டர் பெட்ரோலுக்கு 24-க்கு 1 என்றால் சுமார் 420 மில்லி, 50-க்கு 1 என்றால் 200 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள், குழந்தைகளுக்கு மருந்து அளக்கிற மாதிரி அளவுக் குவளை ஒன்றை இதற்கென்றே வையுங்கள்.

மோட்டார் சைக்கிள் டூ-டி வேண்டாம். அது காற்றில் குளிரும் இஞ்சினுக்குச் செய்தது. போட் மோட்டார் தண்ணீரில் குளிர்வது, அதற்கு டின்னில் டி.சி.டபிள்யூ-3 என்று அடித்திருக்கும் எண்ணெய்தான். விலை கொஞ்சம் கூடுதல். மாமாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

*

கேள்வி: பெட்ரோல் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, புது பிளக்கும் போட்டாயிற்று. ஆனாலும் நெருப்பு வரவில்லை. மேக்னட் போய்விட்டதா அண்ணே?
வாசகர், பாகான் செராய்

பதில்: மேக்னட் அவ்வளவு சுலபத்தில் போகாது தம்பி. பழைய மோட்டாரில் நெருப்பு வராததற்கு முதல் சந்தேகம் பாயிண்ட், இரண்டாவது காயில், அதாவது கம்பிச் சுருள்.

இரண்டும் ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கின்றன. ஃபிளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். நடுவில் இருக்கும் மூன்று மரை ஓட்டைகளில் போல்ட் போட்டு இழுப்பது. விளிம்பில் நகம் மாட்டி இழுக்கும் புல்லரைப் போட்டால் ஃபிளைவீல் கோணிக்கொள்ளும். கழற்றும்போது தண்டில் இருக்கும் பிறைவடிவச் சாவித் துண்டு கீழே விழும், விழுகிற இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், புல்லில் வைத்து வேலை செய்யாதீர்கள்.

இப்போது உள்ளே பார்த்தால் கறுப்போ பழுப்போ நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்குக் காயில் இரண்டு தெரியும். மேலே நகத்தால் தடவிப் பாருங்கள். 1950-களின் ஜான்சன், எவின்ரூட் காயில் என்றால் பெரும்பாலும் வெடிப்பு விட்டிருக்கும், சில இடத்தில் பிளந்து உள்ளே சுற்றிய செம்புக் கம்பியே தெரியும். அந்த வெடிப்பு வழியாக மின்சாரம் இரும்புக்கு ஓடிவிடுகிறது, பிளக்குக்கு வருவதில்லை. காய்ந்த நாளில் நெருப்பு வருகிறது, மழைநாளில் வரவில்லை என்று சொல்வதெல்லாம் இதுதான். வெடித்த காயிலுக்குப் பசை தடவிப் பயனில்லை, புதிதாக வாங்குங்கள். அந்த மாடலுக்கான காயில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

காயிலில் வெடிப்பு இல்லையென்றால் பாயிண்டைப் பாருங்கள். இரண்டு சின்ன உலோகப் பொட்டு ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும் இடம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்தப் பொட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்துவிடும், கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது, ஆனால் மின்சாரத்தை நிறுத்த அது போதும். 400 எண் உப்புத்தாளை மெல்லிசாக மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு. அதோடு விட்டுவிடாதீர்கள், தாளின் தூள் உள்ளே இருக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு கிழித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, பொட்டுகளுக்கு நடுவே வைத்து இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரைக்கும் புதுத் துண்டு புதுத் துண்டாக இழுத்துக்கொண்டே இருங்கள். பிறகு பொட்டு முழுக்க விலகி நிற்கும் நிலையில் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் வைக்க வேண்டும், அதாவது 20 தவ் ஃபீலர் தகடு (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த ஜான்சன், எவின்ரூட் சின்ன மோட்டார்களுக்கு இதுதான் அளவு.

பிளக் ஒயரையும் விட்டுவிடாதீர்கள். கார் கடையில் கிடைக்கும் கார்பன் ஒயர் இதற்கு ஆகாது, உள்ளே செம்புக் கம்பி இருக்கும் ஒயர் வேண்டும். ஃபிளைவீலைத் திரும்ப மாட்டும்போது தண்டின் சரிவில் எண்ணெய், கிரீஸ் எதுவும் பூசாதீர்கள், துடைத்துக் காய்ந்த நிலையில்தான் உட்கார வேண்டும். நட்டை மெக்கானிக் டார்க் ஸ்பானரில் இறுக்கித் தரட்டும். எண்ணெய்ப் பசையோடு போட்டாலும் நட்டு தளர்ந்தாலும் அந்தச் சாவித் துண்டு வெட்டுப்பட்டு, நெருப்பு தப்பான நேரத்தில் வர ஆரம்பிக்கும்.

*

கேள்வி: ஷியர் பின் அடிக்கடி உடைகிறது. ஆணியை வெட்டிப் போட்டால் என்ன?
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: வேண்டாம். புரொப்பெல்லர் கட்டையில் இடித்தால் அந்தப் பின் உடைந்து கியரைக் காப்பாற்றுகிறது, அதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆணி உடையாது, கியர் பல்தான் உடையும். மோட்டாருக்கு என்ன அளவோ, என்ன உலோகமோ அதே பின்னை நாலைந்து வாங்கி, ஒரு இடுக்கியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மோட்டார் மூடிக்குள் கட்டிவையுங்கள். அடிக்கடி உடைகிறது என்றால் நீங்கள் போகும் வழியில் தண்ணீர் வற்றும்போது கட்டை தலைதூக்குகிறது, அந்த இடத்தில் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போடுங்கள்.

*

கேள்வி: மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் பீச்சும் ஓட்டையில் தண்ணீர் வரவில்லை. அதோடு ஓட்டலாமா?
வாசகர், நிபோங் திபால்

பதில்: உடனே நிறுத்துங்கள். கடல் நீர் இறங்கும் நேரத்தில் கிரியான் கரையோரம் எப்படிச் சேறாகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சேறு தண்ணீர் பம்ப்புக்குள் போனால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் இறக்கைகளை அரித்துவிடும். ஓட்டாமல் வைத்திருந்தாலும் இறக்கைகள் ஒரு பக்கமாக வளைந்தபடியே விறைத்துப்போகும். எனவே பழைய மோட்டார் ஒன்று கைக்கு வந்தால் இம்பெல்லர் நன்றாக இருக்கிறதா என்று யோசிக்கவே வேண்டாம், புதிது போடுங்கள். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, உப்புத் தண்ணீரில் ஓட்டுகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை.

முதலில் மெல்லிய கம்பியை அந்தப் பீச்சும் ஓட்டைக்குள் விட்டுப் பாருங்கள், குளவி கூடு கட்டி அடைத்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் கியர் பெட்டியை இறக்கி பம்ப்பைத் திறக்க வேண்டும். புது இம்பெல்லர் மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவி, தண்டைக் கடிகாரத் திசையில் சுற்றிக்கொண்டே மூடியை அழுத்தினால் இறக்கைகள் சரியான பக்கம் மடங்கி உட்காரும். பழைய இம்பெல்லரில் இறக்கை ஏதாவது குறைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள், தண்ணீர்க் குழாயில் எங்கேயோ அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஒரு விஷயம், 1950, 60-களின் மோட்டார்கள் பலவற்றில் இந்தப் பீச்சும் ஓட்டையே கிடையாது. மோட்டாரின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் பகுதியில், பின்பக்கத்தில் புகையோடு சேர்ந்து தண்ணீர்த் தூறல் வரும், அதுதான் அடையாளம். ஓட்டை இல்லையே என்று யாரும் டிரில் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீர் இல்லாமல் "ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்" என்று வீட்டு வாசலில் ஓட்டுவதும் கூடாது. பெரிய பிளாஸ்டிக் தோங்கில் தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு நன்றாக மூழ்கும்படி வைத்து ஓட்டுங்கள். வெளியில் வைத்து ஓட்டுங்கள், புகை அடைபடும் கொட்டகைக்குள் வேண்டாம்.

*

கேள்வி: கியர் எண்ணெய் வெளுத்து வருகிறது. மாற்றிவிட்டால் போதுமா?
வாசகர், பாகான் டத்தோ

பதில்: தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது, சீல் போயிருக்கிறது, அதை மாற்ற வேண்டும். ஆனால் முதலில் எண்ணெய் ஓட்டை ஸ்க்ரூக்களின் வாஷரைப் பாருங்கள், பல சமயம் அந்தச் சின்ன வாஷர்தான் குற்றவாளி. புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டையும் பாருங்கள், தூண்டில் நைலான் நூல் சுற்றிக்கொண்டு சீலை அறுத்திருக்கும்.

எண்ணெய் ஊற்றுவது மேல் ஓட்டை வழியாக அல்ல. கீழ் ஓட்டையில் குழாயைச் செருகி, மேல் ஓட்டையில் எண்ணெய் வழியும் வரை அழுத்துங்கள், அப்போதுதான் காற்று வெளியேறும். நிரம்பியதும் மேல் ஸ்க்ரூவை முதலில் போட்டு, பிறகு குழாயை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைப் போடுங்கள்.

*

கேள்வி: மோட்டாரே ஆற்றில் விழுந்துவிட்டது. ஒரு நாள் கழித்துத்தான் எடுத்தோம். வெயிலில் காய வைத்திருக்கிறோம், அடுத்து என்ன செய்வது?
வாசகர், நிபோங் திபால்

பதில்: காய வைத்ததுதான் தப்பு தம்பி, இப்போதே உள்ளே துரு ஆரம்பித்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் போகும், காற்று பட்டதும்தான் வேகம் எடுக்கும். இந்தப் பதில் கிடைத்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, சிலிண்டருக்குள் டூ-டி எண்ணெய் விட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள். கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவ வேண்டும். சுற்றும்போது கரகரவென்று மணல் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு முழுக்கப் பிரிக்கக் கொடுங்கள்.

மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விழுந்த மோட்டாரை எடுத்த சில மணி நேரத்துக்குள் ஓட வைக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை, நாளைதான் முடியும் என்றால், நல்ல தண்ணீர் நிரம்பிய தோங்கில் மோட்டாரை முழுக்க மூழ்கடித்து வையுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் அதைக் காப்பாற்றும் வழி.

*

கேள்வி: ஜான்சன் கம்பெனியே மூடிவிட்டது என்கிறார்கள். சாமான் எங்கே கிடைக்கும்? பேசாமல் புது நாலு ஸ்ட்ரோக் வாங்கிவிடலாமா?
வாசகர், பாரிட் புந்தார்

பதில்: ஜான்சனும் எவின்ரூட்டும் 1930-களிலிருந்து ஒரே நிறுவனத்துக்குள் இருந்தவை. அந்த நிறுவனம் 2000-இல் திவாலானது, பிறகு வேறு கைக்குப் போய், 2020-இல் எவின்ரூட் மோட்டார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஓலே எவின்ரூட் 1909-இல் ஆரம்பித்த பெயர் அது, எனக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனால் சாமான் கிடைக்கும். ஒரே நிறுவனம் என்பதால் 1950-களிலிருந்து இரண்டுக்கும் உள்ளே பெரும்பாலும் ஒரே சாமான்தான். ஜான்சன் என்று தேடிக் கிடைக்காததை எவின்ரூட் என்று தேடுங்கள். சியரா மாதிரி வேறு நிறுவனங்களும் காயில், பாயிண்ட், இம்பெல்லர், கார்புரேட்டர் கிட் செய்கின்றன. மூடி, கைப்பிடி, கியர் இதெல்லாம்தான் சிரமம், அதற்கு இன்னொரு பழைய மோட்டாரைத்தான் பிரிக்க வேண்டும். இரும்புக் கடைக்குப் போட வேண்டாம் என்று நான் கத்துவது இதற்கும் சேர்த்துத்தான்.

யமாஹா பழைய இரண்டு ஸ்ட்ரோக் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. நம் பக்கம் குவாலா குராவ் மாதிரி மீனவர் ஊர்களில் போய்க் கேளுங்கள்.

புதிது வாங்கலாமா என்று கேட்டீர்கள். தினமும் கடலுக்குப் போய் அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர் புதிதுதான் வாங்க வேண்டும், அவர் உயிர் அந்த மோட்டாரை நம்பியிருக்கிறது. வாரக்கடைசியில் ஆற்றில் இறாலுக்குப் போகிறவருக்குப் பழையது போதும். பழுதானால் என்ன பழுது என்று நீங்களே திறந்து கண்ணால் பார்க்க முடியும், கையால் சரிசெய்யவும் முடியும். துடுப்பும் உயிர்காப்புச் சட்டையும் இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.

*

கேள்வி: தீபாவளிக்குள் பெயின்ட் அடித்துப் புதிது மாதிரி ஆக்க நினைக்கிறேன். என்ன பெயின்ட் நல்லது?
வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: ஓடுகிறதா? ஓடவில்லையென்றால் பெயின்ட் டின்னைத் திறக்காதீர்கள். பளபளப்பாக்கிச் சுவரில் மாட்டிவிட்டால் அப்புறம் யாரும் அதைப் பிரிக்கத் துணிய மாட்டார்கள், உள்ளே துரு அதன் பாட்டுக்கு வேலை செய்யும். ஓடுகிறது என்றால், அலுமினியத்துக்கென்று விற்கும் எட்ச் பிரைமர் முதலில். சாதாரண இரும்பு பிரைமர் போட்டால் ஒரு மழைக்காலத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்த்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயமும், அடியில் பூசிய மஞ்சள் பிரைமரில் குரோமேட்டும் இருந்திருக்கும், இரண்டும் நுரையீரலுக்குள் போகக்கூடாதவை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

*

கேள்வி: முகத்துவாரம் வரை போய் வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?
வாசகர், நிபோங் திபால்

பதில்: அன்றைக்கே செய்ய வேண்டும், மறுநாள் என்று தள்ளக்கூடாது. தோங்கில் நல்ல தண்ணீர் வைத்து ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுங்கள். உள்ளே பெட்ரோல் தங்கினால் அது காய்ந்து பிசினாகி ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையை, அடைத்துக்கொள்ளும், பழைய மோட்டார் ஸ்டார்ட் ஆகாததற்குப் பாதி காரணம் அதுதான். நின்றதும் மோட்டாரை நிமிர்த்தியே வைத்து முழுத் தண்ணீரும் வடிய விடுங்கள். மோட்டாரின் கால் அதன் தலையைவிட மேலே இருக்கும்படி காரில் படுக்க வைத்துக் கொண்டுபோனால் மிச்சத் தண்ணீர் புகை போகும் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

மோட்டார் காலில் திருகியிருக்கும் அந்த வெள்ளைத் துத்தநாகக் கட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு மோட்டாரைத் தின்பதற்குப் பதில் அதைத் தின்னட்டும் என்று வைத்தது அது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள், பெயின்ட் அடிக்கும்போது அதன் மேல் மட்டும் அடிக்காதீர்கள்.